பேர் சொல்லாதது

பெரிய காஞ்சிபுரம்
4-11-67

கிருஷ்ணவேணி,

எடுத்ததுமே சொல்லிவிடுகிறேன், காந்தா நன்றாக இருக்கிறாள். என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குப் பக்கென்று இருக்கும், அதனால்தான் முதல் வரியிலேயே எழுதினேன். ஆனால் நன்றாக என்றால் முழுக்க நன்றாக இல்லை. பொய் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும்.

தீபாவளியிலிருந்து அவளுக்கு வயிறு சரியில்லை. பகலெல்லாம் முட்டி போட்டுத் தவழ்ந்து தறிக்குழி வரைக்கும் போய் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீல் வீல் என்று கத்துகிறாள். வயிறு உப்பிப்போய்த் தட்டினால் சத்தம் வருகிறது. பச்சையாகப் போகிறது. நேற்று கத்திக்கொண்டே இருந்தவள் திடீரென்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஐயோ, நான் போட்ட கூச்சலில் உன் அண்ணன் தறியிலிருந்து எகிறிக் குதித்து ஓடிவந்தார். “இன்னாடி பண்ண கொழந்தைய?” என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார். நான் என்ன பண்ணினேன்? முதுகைத் தட்டினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன், அப்புறம்தான் மூச்சு வந்தது. ராத்திரி முழுக்க அவள் மூக்கில் விரல் வைத்து மூச்சு பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கமில்லாததுதான் காரணம்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மாந்தம்தான், பயப்பட வேண்டாம் என்று மிக்சர் கொடுத்தார். குடித்த வேகத்திலேயே கக்கிவிட்டாள். தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சூடு என்கிறாள் ஒருத்தி, குளிர்ச்சி என்கிறாள் இன்னொருத்தி. எதிர்வீட்டு இந்திராணி இருக்கிறாளே, அவள் கேட்டாள், “பெத்தவளுக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேளேன்மா, நமக்கு இன்னா தெரியும்?” நமக்கு என்றாள். அவளுக்கு நாலு பிள்ளை. எனக்குத்தான் சொன்னாள். சுருக்கென்று தைத்தது, ஆனாலும் அவள் சொன்னது சரிதான் என்று இதோ எழுதுகிறேன்.

கைக்குழந்தையில் நீ என்னென்ன கொடுத்தாய்? ஒன்று விடாமல் எழுது. என் தம்பி வீரபாகு, உன் புருஷன்தான், அவளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, “அக்கா, பாத்துக்கோ” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பம்பாய் லாரியில் ஏறிவிட்டான். எனக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கம் உண்டா? கல்யாணமாகிப் பதினோரு வருஷம் தறிக்கு நூல் தார் சுற்றித்தான் பழக்கம்.

நீ எப்படி இருக்கிறாய்? ஆடாதொடை இலை அங்கே கிடைத்தால் கஷாயம் வைத்துக் குடி. நெஞ்சுச்சளி அப்படியே அறுத்துக்கொண்டு வரும்.

பட்டம்மாள்

*

தாம்பரம்
8-11-67

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உதடு நீலம் என்று படித்ததும் கட்டிலில் உட்கார முடியவில்லை. எழுந்து வராந்தாவில் நடந்தேன், நர்ஸ் வந்து சத்தம் போட்டுப் படுக்க வைத்தார். வயிற்றைப் பற்றி எல்லாம் எழுதினீர்கள். அவள் இருமுகிறாளா? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. வேண்டுமென்று விட்டீர்களா, மறந்துவிட்டீர்களா? நாலு மாதம் என் பாலைக் குடித்தவள். என் நோய் அவளுக்குள் போயிருக்குமோ என்று நான் நினைக்காத நேரம் கிடையாது. ஒரு தடவை இருமினாலும் எழுதுங்கள். மறைக்காதீர்கள்.

மருந்து எழுதுகிறேன். எனக்கு எங்கள் அம்மா சொன்னது, நான் செய்து பார்த்தது.

ஒரு சிட்டிகை ஓமத்தை வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, பாதியாகச் சுண்டியதும் வடிகட்டுங்கள். ஆறியபின் பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். வாயைத் திறக்கமாட்டாள், அப்போது மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். உங்கள் விரலைத் தோய்த்துக் கொடுத்தால் சப்புவாள்.

வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் லேசாக வாட்டி, முதலில் உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சுடவில்லை என்றால் அவள் தொப்புளைச் சுற்றிப் போடுங்கள். வாயு இறங்கும். அவளைக் குப்புறப் போட்டு முதுகை மேலிருந்து கீழாகத் தடவினாலும் நிற்கும். மூக்கடைத்தால் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து நெற்றியில் பற்றுப் போடுங்கள். குளிக்க வைக்கும் தண்ணீரில் நொச்சி போட்டுக் காய்ச்சினால் நல்லது.

இதற்கெல்லாம் கேட்காவிட்டால் பேர் சொல்லாததைக் கொடுங்கள். அதுதான் பிள்ளைகளுக்குக் கடைசி மருந்து. விளக்குச் சுடரில் காட்டிச் சுட்டு, கல்லில் ஒரே ஒரு இழை உரைத்து, நாக்கில் தொட்டு வையுங்கள். தொட்டு வைப்பதோடு சரி, அதிகம் கூடாது. பேரை எழுதாததற்குத் தப்பாக நினைக்காதீர்கள். இங்கே விளக்குப் போட்டாயிற்று. விளக்கு வைத்தபின் அதன் பேரை எங்கள் வீட்டில் வாயால் சொல்லமாட்டோம், சொன்னால் மருந்து பலிக்காது என்பார்கள். நன்றாக இருந்த காலத்தில் இதையெல்லாம் கேட்டு நான் சிரித்திருப்பேன். இப்போது எழுதக் கை வரவில்லை. உங்களுக்குத் தெரியாததா, எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதானே.

ஆடாதொடை எல்லாம் இங்கே டாக்டரம்மாவிடம் நடக்காது. தினம் ஊசி போடுகிறார்கள். சளியில் கிருமி இல்லை என்று வரும்வரைக்கும் வீட்டுக்கு விடமாட்டார்களாம்.

இருமுகிறாளா என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

கிருஷ்ணவேணி

*

பெரிய காஞ்சிபுரம்
13-11-67

கிருஷ்ணவேணி,

இருமவில்லை, இருமவில்லை, இருமவில்லை. போதுமா? நான் மறைக்கிறவள் என்று உனக்கு யார் சொன்னது? முந்தாநாள் ஒரு தும்மல் போட்டாள். தும்மல் கணக்கில் வராது.

உன் ஓமத் தண்ணீர் கேட்டது. விரலைத் தோய்த்துக் கொடுத்தால் சப்புகிறாள், ஒரு பல் வேறு வந்திருக்கிறது, கடித்து வைக்கிறாள். வெற்றிலை போட்டதும் டர்ரென்று காற்றுப் பிரிந்தது, நானும் உன் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு சாயங்காலம் அழவே இல்லை. சரி, விட்டது சனியன் என்று நினைத்தால், நேற்று மழை பிடித்ததும் மறுபடியும் அதே கத்தல், அதே மூச்சைப் பிடிக்கிறது. எனக்கு இப்போது விளக்கு ஏற்றவே பயமாக இருக்கிறது. ஏற்றினால் அழ ஆரம்பித்துவிடுவாள் என்று இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியக்காரி என்று உன் அண்ணன் திட்டுகிறார்.

அதனால் நீ கடைசியாக எழுதிய மருந்துதான். வசம்பு நான் முன்னமே வாங்கி வைத்திருக்கிறேன், இந்திராணி கொடுக்கச் சொன்னாள். ஆனால் நீ எழுதியிருப்பது அதைவிட ஒசத்தி மருந்தாயிற்றே, அதனால் வசம்பைத் தொடவில்லை. நீ சொன்ன பேர் சொல்லாதது எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் மாமியார் வைத்துவிட்டுப் போனது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் தறி வீட்டுக்குள் என்னை விடமாட்டார்கள், தூரத்திலிருந்து பார்த்ததுதான். பரண்மேல் தகர டப்பா, உள்ளே துணியில் முடிந்த வெள்ளைக் கட்டி. சில நாள் சாயங்காலம் அதில் துளி எடுத்து, மாவும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்துத் தறிக்குழி ஓரமாகப் படைப்பார்கள். காலையில் உருண்டை இருக்காது. “அது இன்னாது அத்தே?” என்று ஒரு தரம் கேட்டுவிட்டேன். “பேர் சொல்லாதது. கேக்காத, தொடாத, போ” என்று விரட்டினார்கள். அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. தறிக்கு மட்டும்தான் படைப்பது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிள்ளைக்கும் மருந்தாகும் என்று நீ எழுதித்தான் தெரிந்தது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காந்தா பிறந்தபோது நான் சர்க்கரைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திருமுக்கூடலுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அத்தைக்காரிதான் சேனை வைக்க வேண்டும், பிள்ளை நாக்கில் முதல் சொட்டு என் கையால் என்று ஆசையாக வந்தேன். “பெறாதவ கையால வேணாம்மா” என்று உங்கள் அம்மா கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இப்போது அவர்களைச் சொல்லி என்ன. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நீயே அவள் நாக்கில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அழுதேன். எடுத்தோம் வைத்தோம் என்று வைக்கமாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை கார்த்திகையில் முதல் வெள்ளி. காமாட்சி கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்து, அவளுக்குத் தலைக்கு ஊற்றி, புதுச் சட்டை போட்டு, ராகுகாலம் கழிந்து உச்சியில் வைக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. ஆம்பிளைக்குப் பிள்ளை மருந்தைப் பற்றி என்ன தெரியும்?

பட்டம்மாள்

*

தாம்பரம்
17-11-67, காலை

அண்ணி,

கொடுக்காதீர்கள். கொடுக்காதீர்கள். காலையிலேயே தந்தி அடித்திருக்கிறேன். தந்தி வந்ததா? வந்திருக்க வேண்டும். இந்தக் கடிதம் நாளைக்குத்தான் வரும், இதை எழுதி என்ன பிரயோஜனம் என்று எனக்கே தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

வசம்பு. நான் எழுதியது வசம்பைத்தான். எங்கள் ஊரில் அதற்குத்தான் பேர் சொல்லாதது என்று பேர். நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்களே அதே வசம்பு. வசம்பு, வசம்பு, வசம்பு. இதோ எழுதிவிட்டேன், பலிக்காவிட்டால் போகட்டும். அன்றைக்கே இந்த நாலு எழுத்தை எழுதித் தொலைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

உங்கள் டப்பாவில் இருப்பது என்ன என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? மாவும் வெல்லமும் உருட்டித் தறிக்குழியில் வைத்தால் காலையில் காணோம் என்கிறீர்களே, எந்தச் சாமி அண்ணி அதைத் தின்னும்? எங்கள் அப்பா நெல் குதிருக்குப் பக்கத்தில் இப்படித்தான் உருண்டை வைப்பார். மறுநாள் குதிருக்கு அடியில் எலி விறைத்துக் கிடக்கும். பட்டுப்பாவு கஞ்சி வாசனைக்கு எலி வராதா? உங்கள் மாமியார் எலிக்கு வைத்த விஷம் அது.

உங்கள் கடிதம் நேற்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது, மழையில் தபால் தாமதமாம். தந்தி ஆபீசுக்கு அனுப்ப ஆள் இல்லை, வெளியே போகக் கேட் திறக்கமாட்டார்கள். விடியும்வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இருமலில் ரத்தம் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் படுக்க வைத்துவிடுவார்கள். வார்டில் வேலை செய்கிற முனிசாமி வந்ததும் காலில் விழுந்தேன். “எழுந்திரும்மா, நான் போறேன், நீ சேதியச் சொல்லு” என்றார். இங்கிலீஷில்தான் அடிப்பார்களாம். நர்ஸ் எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் காலையிலேயே கோயிலுக்குப் போயிருப்பீர்கள். தலைக்கு ஊற்றியிருப்பீர்கள். இப்போது மணி என்னவென்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நாக்கில் வைக்கச் சொன்னதற்கு அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சேனை வைக்கவிடாதது ஆறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாமல்தான் இப்படிச் செய்தீர்களா? பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருக்கிறீர்கள், பரண்மேல் என்ன இருக்கிறது என்று ஒருத்திக்குத் தெரியாமல் இருக்குமா? அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை? என் பிள்ளைக்கு ஒன்று ஆயிற்று என்றால் நான் இங்கிருந்து நடந்தே வருவேன். வந்து உங்கள் வாசலில்தான் சாவேன்.

கிருஷ்ணவேணி

*

பெரிய காஞ்சிபுரம்
20-11-67

கிருஷ்ணவேணி,

காந்தா உயிரோடு இருக்கிறாள். அவள் நாக்கில் எதுவும் படவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய தார்க்குச்சியைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே கார்டு போட்டேன், வந்திருக்கும். இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன், உயிரோடு இருக்கிறாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோயிலிலிருந்து வந்தேன். உன் அண்ணன் நெய்த புடவையைக் கொடுக்க நெசவாளர் சொசைட்டிக்குப் போயிருந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, பொட்டு வைத்தேன். பரணில் ஏறி டப்பாவை எடுத்தேன். நீ எழுதினபடியே கட்டியைச் சுடரில் காட்டினேன். பூண்டு வாடை அடித்தது. மருந்தென்றால் வாடை இருக்கத்தானே செய்யும் என்று கல்லில் இழைத்தேன். அவள் மடியில் உட்கார்ந்து கல்லைப் பிடிக்கக் கையை நீட்டினாள். “இருடி, அவசரத்தப் பாரு” என்று அந்தக் குட்டிக் கையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாசலில், “பட்டம்மா வீடு இதானே? தந்தி” என்று குரல்.

எங்கள் தெருவில் தந்தி வந்தால் அது எதற்கென்று உனக்குத் தெரியும். தாம்பரத்திலிருந்து என்றான். கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் சைக்கிளில் போய்விட்டான். அதைப் பிரிக்கக்கூட இல்லை. பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இந்திராணி ஓடிவந்தாள், தெருவே கூடிவிட்டது. “ஐயோ, பச்சப்புள்ளய உட்டுட்டுப் போயிட்டாளே!” என்று உனக்கு ஒப்பாரி வைத்தார்கள். யாரோ போய் உள்ளே விளக்கை அணைத்தார்கள். நான் மருந்து வைக்க வேண்டும் என்று எழுந்தேன். இந்திராணிதான் கையைப் பிடித்தாள். “சாவுத் தீட்டு வந்த வீட்டுல புள்ள நாக்குல புது மருந்து வெப்பாங்களா? நாள் கழியட்டும்மா” என்றாள். உன் தந்தியில் எழுதியிருந்தது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. நீ செத்துப்போனாய் என்றுதான் நான் கையை எடுத்தேன்.

மூலை வீட்டு ரிஷபதாஸ், ஜைனர், அரிசி வியாபாரம், அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். கடையிலிருந்து சாப்பிட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். படித்தார். “யாரும்மா செத்தது? ‘பேர் இல்லாத மருந்தைக் கொடுக்காதே, வசம்பு மட்டும் கொடு, கிருஷ்ணவேணி’ன்னு போட்டிருக்குது. ஆளு உசிரோட இருக்குது” என்றார். ஒப்பாரி வைத்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே உன் அண்ணன் வந்தார். உள்ளே காலை வைத்ததும், “இன்னாடி இது வாடை?” என்றார். கல்லைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அப்படியே சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

“பாஷாணம்டி அது. பேரச் சொன்னா எலி கேட்டுக்கினு வாய் வெக்காதுன்னு எங்கம்மா அப்டிச் சொல்லுவாங்க. அத்தப் போயி...” என்றார். கல்லையும் டப்பாவையும் கொண்டுபோய் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார். பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்றுமில்லை என்று சொன்னபிறகும் நான் அவள் கையை மோந்து மோந்து பார்க்கிறேன். என் கையையும் கழுவிக்கொண்டே இருக்கிறேன், தோல் உரிந்துவிட்டது.

மறுநாள் உன் கடிதம் வந்தது. தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டிருக்கிறாய். காமாட்சி மேல் ஆணை, தெரியாது. புருஷனைக் கேட்கவில்லை, அது என் தப்பு. அவள் நாக்கில் வைக்கிறது நான் மட்டும் செய்கிற காரியமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாசலில் உட்கார்ந்து உனக்காக அழுதேனே, அது நடிப்பில்லை. ஆனால் அழும்போதே, பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோதே, இனிமேல் இவள் எனக்குத்தான், யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று உள்ளே ஒன்று சந்தோஷப்பட்டது. நிஜமாகவே சந்தோஷப்பட்டது கிருஷ்ணவேணி. நீ உயிரோடு இருக்கிறாய் என்று ரிஷபதாஸ் சொன்னதும் ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு விழுந்துபோயிற்று. அப்புறம்தான் சிரித்தேன்.

அந்தப் பாஷாணத்தைவிட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். இப்படிப்பட்டவளிடம் நீ பிள்ளையை விடலாமா? திருமுக்கூடலில் உன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்கு எழுது, நானே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். பதில் வரும்வரைக்கும் வசம்புகூடக் கொடுக்கமாட்டேன். ஓமத் தண்ணீர் மட்டும்தான், அதையும் நான் முதலில் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

பட்டம்மாள்

*

தாம்பரம்
24-11-67

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கார்டு வந்த அன்று அதை வார்டில் எல்லோருக்கும் காட்டினேன். முனிசாமி தன் வீட்டுப் பிள்ளை பிழைத்தது மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடிதம் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் சந்தோஷப்பட்டதாக எழுதிய இடத்தைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். உங்களைச் சபித்தேன். நான் சாகக் காத்திருக்கிறாள், நான் வெளியே வருவதற்குள் என் பிள்ளையை முழுசாக எடுத்துக்கொள்வாள் என்று அழுதேன். திருமுக்கூடலுக்கு எழுதக் கார்டுகூட எடுத்தேன். பேரும் விலாசமும் எழுதிவிட்டு, அதற்குமேல் எழுத முடியவில்லை. யாருக்கு எழுதுவது? எங்கள் அண்ணன் பெண்டாட்டி வாசலிலேயே, “நோய்க்காரி பெத்தது, எம்புள்ளைங்களோட சேக்கமாட்டேன்” என்று சொன்ன பிறகுதான் உங்கள் தம்பி காந்தாவை உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார். இதை உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்துவிட்டோம். வேறு யாரும் வேண்டாம் என்ற பிள்ளையைத்தான் உங்கள் மடியில் போட்டார்.

கசக்கியதை எடுத்து நீவி மறுபடி படித்தேன். எதிர்க்கட்டிலில் இருந்தவள் போன வாரம் போய்விட்டாள். மூன்று பிள்ளைகள். பெட்டியை வாங்க வந்தவர்கள் வராந்தாவில் நின்றுகொண்டே, எந்தப் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போட்டார்கள். எனக்கு வேண்டாம், உனக்கு வேண்டாம் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாவதற்கு எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அண்ணி, ஆனால் அதைவிடப் பெரிய பயம் இதுதான். என் பிள்ளையை அப்படி யாராவது வராந்தாவில் நின்று தள்ளிவிடுவார்கள் என்று. அந்தப் பயத்துக்கு டாக்டரம்மாவிடம் ஊசி இல்லை.

உங்கள் கடிதத்துக்கு அப்புறம் அந்த ஒரு பயம் போய்விட்டது. எனக்கு ஒன்று ஆனாலும் அவளைக் கட்டிக்கொண்டு சந்தோஷப்பட ஒருத்தி இருக்கிறாள். உங்கள் மேல் எனக்குப் பொறாமையும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, அதெல்லாம் போய்விட்டது என்று நானும் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்று நன்றாகத் தூங்கினேன்.

நான் உங்களைக் கொலைகாரி மாதிரி எழுதியதை மன்னியுங்கள். அன்றைக்குச் சேனைக் கிண்ணத்தை அம்மா கீழே வைத்தபோது சுவர்ப்பக்கம் திரும்பியதற்கும்.

போன வாரம் பார்த்த சளியில் இன்னும் கிருமி இருக்கிறதாம். தை பிறந்துதான் வீடு என்கிறார்கள், அதுவும் நிச்சயமில்லை. அதுவரைக்கும் அவள் உங்களிடம்தான் இருக்க வேண்டும், வேறு எங்கும் கொண்டுபோகாதீர்கள். வசம்பைக் கொடுங்கள், பயப்படாதீர்கள். நன்றாகக் கரியாகச் சுட்டு, இழைத்து, துளி தொட்டு வையுங்கள். உங்கள் கையாலேயே வையுங்கள். நாள் கிழமை பார்க்க வேண்டாம், அழுகிற அன்றைக்கே வையுங்கள்.

இன்னொன்று. அவளுக்குப் பேச்சு வருகிற காலம் இது. முதலில் அம்மா என்றுதான் வரும், எதிரில் நீங்கள்தான் இருப்பீர்கள். “நான் இல்லடி, உங்கம்மா தாம்பரத்துல இருக்கா” என்று திருத்தாதீர்கள் அண்ணி. அதைத்தான் சொல்லிக்கொடுங்கள் என்று எழுத நினைத்துத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். ஆனால் கூப்பிட்டு யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் பிள்ளை பயந்துவிடும். அவள் கூப்பிட்டால், “இன்னாடி கண்ணு” என்று கேளுங்கள்.

கிருஷ்ணவேணி